ஏலத்தோட்டத் தொழிலாளரின் மூட்டுக் கோளாறுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் புறப்படும் ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் அவர்களை மீண்டும் அடிவாரத்துக்குக் கொண்டுவருகின்றன என்பது தங்கள் வாசகர்கள் அறிந்ததே. அந்த ஜீப்புகளின் வேகத்தைப் பற்றியும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதைப் பற்றியும் விபத்து நேரும்போதெல்லாம் நாளிதழ்கள் எழுதுகின்றன. அவற்றில் போய்வருகிறவர்களின், குறிப்பாகப் பெண்களின், முழங்கால்களும் கைவிரல்களும் இடுப்பும் ஆண்டுக்கணக்கில் கெட்டுவருவதைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். இடம் தந்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சையாளராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றி ஓய்வுபெற்றவள். பணிக்காலத்திலும் அதன் பின்னரும் மூட்டுக் கோளாறுடன் என்னிடம் வந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மிகவும் காலம் தாழ்த்தியே வந்தார்கள். எழுந்து நடக்க முடியாமல் வேலைக்குப் போவது நின்ற பிறகு, அதாவது கூலி நின்ற பிறகுதான், மருத்துவரைப் பார்க்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வருகிறது. "வலி எப்போது தொடங்கியது?" என்று கேட்டால் "போன மாசந்தான்" என்பார்கள். "கீழே உட்கார்ந்து எழுவது எப்போதிலிருந்து சிரமமாக இருக்கிறது?" என்று கேள்வியை மாற்றிக் கேட்டால், சற்று யோசித்துவிட்டு, "அது மூணு வருசமா இருக்குக்கா" என்று பதில் வரும். இந்த இரண்டு பதில்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் சிகிச்சை எளிது. அந்தக் காலம் வீணாகப் போகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

வலி தாமதமாக வருவதற்கு உடலமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் நரம்புகள் கிடையாது. இரத்தக் குழாய்களும் கிடையாது. ஆகவே அது தேயத் தொடங்கும்போது வலி உண்டாவதில்லை. அடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சுற்றிய சவ்வும், தசைநாரும் பாதிக்கப்படும்போதுதான் வலி தெரிகிறது. ஆனால் அதற்கு வெகு முன்னரே உடல் தன் பழக்கங்களை மாற்றிக்கொண்டுவிடும். எந்த அசைவு ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மனிதர் தம்மையறியாமல் விட்டுவிடுகிறார். வேறொரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறார். இப்படி ஒருவர் ஓசையின்றி நிறுத்திவிட்ட செயல்களைக் கவனித்தால், மூட்டுக் கோளாற்றை வலி வருவதற்கு முன்பே அறியலாம்.

ஏலக்காய் பறிக்கும் வேலையின் தன்மையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள் சொல்ல வேண்டும். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய்க்கும் சரம் செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிறது. எனவே காய் பறிப்பவர் குனிந்தோ, குத்தவைத்து உட்கார்ந்தோ, ஒரு முழங்காலை ஈரத்தரையில் ஊன்றியோதான் பறித்தாக வேண்டும். ஒரு தூரை முடித்ததும் எழாமல் அப்படியே நகர்ந்து அடுத்த தூருக்குப் போவார்கள். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரையில், ஒரே செடியில் ஏறத்தாழ மாதத்துக்கொரு முறை காய் எடுக்கப்படுகிறது. தோட்டம் சரிவில் இருக்கிறது. மழையில் தரை வழுக்குகிறது. மாலையில் பறித்த காயைச் சுமந்துகொண்டு இறங்கவும் வேண்டும். வீடு திரும்பிய பிறகு அடுப்படி வேலை காத்திருக்கிறது. காய் பறிக்கும் பருவம் முடிந்தால், போடியில் தரையில் அமர்ந்து நாள் முழுவதும் ஏலக்காயைத் தரம் பிரிக்கிறவர்களும், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களில் தலைக்கு மேலே கையைத் தூக்கி வேலை செய்கிறவர்களும், நாற்று நடப் போகிறவர்களும் பெரும்பாலும் இதே பெண்கள்தாம். நெடுநேரம் குத்தவைத்து உட்காருவதும் முழங்காலை ஊன்றி வேலை செய்வதும் சுமை தூக்குவதும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவகுக்கும் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியான செய்தி. மூட்டுத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் மாதவிலக்கு நின்ற வயதுக்குப் பின், கூடுதலாக வருகிறது. ஆகவே இவர்களுக்கு இது வரும் வாய்ப்பு பல வழிகளிலும் அதிகம்.

முதல் அறிகுறிகள் பெரும்பாலும் இறக்கத்தில் தெரியும். சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் மூட்டின் மேல் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பளு விழுகிறது. படி இறங்கும்போது அது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. அதனால்தான் மேட்டில் ஏறும்போது ஒன்றும் தெரியாதவர், இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறார். பேருந்துப் படியில் எப்போதும் ஒரே காலை முன்வைத்து இறங்குகிறார். ஜீப்பின் பின்புறத்திலிருந்து முன்னே குதித்து இறங்கிக்கொண்டிருந்தவர், திரும்பி நின்று பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கத் தொடங்குகிறார். தரையிலிருந்து எழும்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றுவதும், பக்கத்தில் சுவரோ தூணோ இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருவதும் இதே வகையைச் சேர்ந்தவை. அரிவாள்மனையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் மேடைக்கு மாறிவிடுகிறார். குத்தவைத்துக் கோலம் போட்டவர், இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்து நின்று போடுகிறார். கோயிலுக்குப் போனால் மூன்று சுற்று ஒன்றாகக் குறைகிறது. வெளியூர் விசேஷத்துக்கு அழைத்தால் அந்த வீட்டுக் கழிப்பறை எப்படிப்பட்டது என்று விசாரித்துவிட்டு, வேறு காரணம் சொல்லி வர மறுக்கிறார். இந்தக் கடைசிச் செய்தியைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. சிலர் அடிக்கடி கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலுள்ளவர்கள்தாம் கவனிக்க வேண்டும்.

முழங்காலை மடக்கி நீட்டும்போது 'கடக்' என்று ஓசை வருவதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். வலியோ வீக்கமோ இல்லாமல் ஓசை மட்டும் வருவது பெரும்பாலும் கெடுதல் இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியவை: காலை முழுவதுமாக நீட்ட முடியாமல் போவது, மாலையில் முழங்காலின் மேற்புறம் உப்பிக் காணப்படுவது, நடக்கும்போது முழங்கால் திடீரென்று மடங்கிவிடுவது போலத் தோன்றுவது, தொடைத்தசை ஒரு பக்கம் மட்டும் மெலிவது, செருப்பு ஒரு பக்கமாகத் தேய்வது, நிற்கும்போது இரு முழங்கால்களுக்கும் இடையில் முன்பில்லாத இடைவெளி உண்டாகிக் கால் வில்லாக வளைவது.

நான் சொல்ல விரும்புவதில் மிக முக்கியமானது காலைநேர இறுக்கம் பற்றியது. தேய்மானத்தால் வரும் இறுக்கம் எழுந்து சிறிது நடமாடியதும் விட்டுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் நீடிக்காது. நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் சில நிமிடங்கள் பிடித்துக்கொள்ளும். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்குவதால் உண்டாகும் முடக்குவாதத்தில் நிலைமை வேறு. அங்கே இறுக்கம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும்; ஓய்வெடுத்தால் கூடும், அசைந்தால் குறையும். ஆகவே "வலிக்கிறதா?" என்பதோடு நிறுத்தாமல், "காலையில் எழுந்து எவ்வளவு நேரம் கழித்துக் கை உன் வசத்துக்கு வருகிறது?" என்று கேட்க வேண்டும். விடியுமுன் ஜீப்பைப் பிடிக்க வேண்டிய பெண்ணிடம் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கும். அடுப்பு மூட்டும்போது தீக்குச்சியைப் பிடிக்க முடியவில்லை, ஜீப் மெட்டு ஏறிய பிறகுதான் விரல் மடங்குகிறது என்று அவரால் சொல்ல முடியும்.

முடக்குவாதம் பெரும்பாலும் கைவிரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி ஆகிய சிறிய மூட்டுகளில், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகத் தொடங்குகிறது. விரல் நுனிக்கு அடுத்த கடைசி மூட்டை அது பொதுவாகத் தொடுவதில்லை. அங்கே கெட்டியான முடிச்சு தோன்றினால் அது பெரும்பாலும் தேய்மானத்தால் வருவது. முடக்குவாத வீக்கம் தொட்டால் மெத்தென்று இருக்கும். மோதிரமும் வளையலும் இறுகும்; துணி பிழிய வராது; குடத்தின் கழுத்தைப் பிடித்தால் நழுவும்; கையைக் குலுக்குவதுபோல விரல்களின் அடிமூட்டுகளைச் சேர்த்து அழுத்தினால் வலிக்கும்; காலையில் முதல் அடி எடுத்து வைக்கும்போது கூழாங்கல்லின் மேல் நடப்பதுபோல் இருக்கும். இவற்றோடு காரணமில்லாத அசதியும் லேசான காய்ச்சலும் எடைக் குறைவும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் தொடங்குவது வழக்கமாகையால், 'வயதானால் வரத்தான் செய்யும்' என்ற சமாதானம் இங்கே பொருந்தவே பொருந்தாது. ஆறு வாரத்துக்கு மேல் இந்த வீக்கம் நீடித்தால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்குள் முறையான சிகிச்சை தொடங்கினால், மூட்டு அரிக்கப்படுவதையும் விரல் கோணுவதையும் பெரும்பாலும் தடுத்துவிட முடியும். கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. முடக்குவாதம் உள்ளவர்களில் கணிசமானோருக்கு, இந்நோய்க்காக இரத்தத்தில் தேடப்படும் 'ருமட்டாய்டு காரணி' என்ற பொருள் தென்படுவதில்லை. சிகிச்சையில் முதன்மையாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டியது. அதைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், எழுத்தறியாதவர்களுக்கு எந்தக் கிழமை என்பதைக் குடும்பத்தாரோடு சேர்த்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். கருத்தரிக்கும் எண்ணமுள்ளவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வண்டன்மேட்டுப் பக்கம் வேலைக்குப் போய்வந்த, முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் என்னிடம் வந்தபோது அவருடைய இரு கைகளிலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஓராண்டுக்கும் மேலாக மருந்துக் கடையில் 'செட் மாத்திரை' வாங்கிச் சாப்பிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். மாத்திரை சாப்பிட்ட நாளில் கை மடங்கியது. அதனால் அது நல்ல மருந்து என்று நம்பினார். மருத்துவச் சீட்டு இல்லாமல் இப்படிச் சேர்த்துத் தரப்படும் மாத்திரைகளில் வலிநிவாரணியோடு ஸ்டீராய்டும் கலந்திருப்பது உண்டு. ஸ்டீராய்டு வீக்கத்தை உடனே அடக்கும். மருத்துவர் அளவறிந்து, காலவரையறையோடு தரும்போது அது பயனுள்ள மருந்துதான். அளவில்லாமல் தொடர்ந்தால் முகம் உப்பும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலிந்து முறியும். திடீரென்று நிறுத்தினாலும் உடல் நிலைகுலையும். ஆகவே நெடுநாள் சாப்பிட்டவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகவே நிறுத்த வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை மாதக்கணக்கில் உட்கொள்வதால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வருகின்றன. மலையில் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரக ஆபத்து இன்னும் கூடுதல்.

எல்லை கடந்தால் கேரள வைத்தியம் என்ற நம்பிக்கையும் நம் பக்கத்தில் வலுவாக இருக்கிறது. முறையாகப் படித்த ஆயுர்வேத மருத்துவர்கள் செய்யும் உழிச்சலும் (எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது) கிழியும் (மருந்து மூட்டையால் ஒத்தடம்) தசை இறுக்கத்தைத் தளர்த்தி ஆறுதல் தருவதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிவந்து, சூடாக, வீங்கியிருக்கும் மூட்டை அழுத்தித் தேய்ப்பது தவறு. பெயரும் உட்பொருளும் எழுதாத பொடியையும் உருண்டையையும் விற்பவர்களிடம் வாங்குவது அதைவிடத் தவறு. இரண்டே நாளில் எல்லா வலியையும் போக்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று ஐயப்படுவதே அறிவுடைமை.

தோள்பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தல் வேலை செய்கிறவர்களுக்குத் தோளின் தசைநார் தேய்ந்து, கையைத் தூக்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் வலி வரும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகி உறைந்துபோவது மற்றவர்களைவிட மிகுதி. தலை பின்ன முடியவில்லை, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை என்பதே அதன் முதல் முறையீடாக இருக்கும். அப்போதே பயிற்சி தொடங்கினால் கை அசைவை மீட்பது எளிது.

ஆண்களின் கோளாறுகள் வேறு வகையில் மறைந்திருக்கின்றன. மருந்தடிக்கும் கருவியை முதுகில் சுமக்கிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் முதுகுவலியைத் தொழிலோடு பிறந்தது என்று எண்ணுகிறார்கள். சுமையால் வரும் வலி படுத்தால் குறையும். நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் முதுகுவலி இருந்து, அது பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, காலையில் இறுக்கமாகி, வேலை செய்யச் செய்யக் குறைந்தால், அது தண்டுவட மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். காலின் பெருவிரல் மூட்டு இரவோடிரவாகச் சிவந்து வீங்கிப் போர்வை பட்டால்கூட வலித்தால் யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோயை நினைக்க வேண்டும்.

சிக்குன்குனியா பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2006, 2007 ஆண்டுகளில் கேரளத்திலும் தமிழகத்திலும் அது பரவியபோது, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் குனிய முடியாமல் கிடந்தவர்களை எல்லைப்புறத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் விளைவாக, எந்த மூட்டுவலியானாலும் 'அந்தக் காய்ச்சலோட மிச்சம்' என்று தள்ளிவிடும் பழக்கம் இன்றும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் பின் மூன்று மாதங்களைத் தாண்டியும் மூட்டு வீங்கியே இருந்தால் அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

உடனே, அன்றைய தினமே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகளும் உண்டு. காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சூடாகி அசைக்க முடியாமல் போனால் அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். சில நாட்களிலேயே மூட்டு அழிந்துவிடும். முதுகுவலியோடு இரு கால்களும் பலமிழந்தாலோ, தொடை இடுக்கும் பிறப்புறுப்புப் பகுதியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. சறுக்கி விழுந்தபின் அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எண்ணெய் தேய்த்து, கட்டுப்போட்டுப் பார்க்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வேலையை விட்டுவிட்ட முதியவர்களிடம் மூட்டோடு நடையும் தளர்கிறதா என்று பார்ப்பதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கைப்பிடி இல்லாத, முழங்கால் உயரமுள்ள நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். அருகில் ஒருவர் தாங்கிப் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். பதினைந்து விநாடிக்கு மேல் ஆனாலோ, கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலோ கால் தசைகள் பலமிழந்துவிட்டன என்று பொருள். நடந்துகொண்டே பேச முடியாமல் பேசுவதற்காக நின்றுவிடுவது, திரும்பும்போது பல சிறு அடிகள் எடுத்து வைப்பது, வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பது ஆகியவை விழப்போவதற்கு முன்னறிகுறிகள். ஒருமுறை விழுந்தவர் மறுமுறை விழுவதற்கு வாய்ப்பு அதிகம்; இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. இப்படித் தளர்கிறவர்களை 'சும்மா உட்காருங்கள், நடக்க வேண்டாம்' என்று பிள்ளைகள் அன்பினால் சொல்வது தசையை இன்னும் மெலியவே செய்கிறது.

தொடக்கத்தில் கண்டறிந்தால் செய்யக்கூடியவை எளியவை, செலவும் அதிகமில்லை. தேய்மானத்துக்கு முதல் மருத்துவம் தொடைத்தசையை வலுப்படுத்துவதுதான். காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதை அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுவதைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்தாலே சில வாரங்களில் வேறுபாடு தெரியும். உடல் எடை மிகுதியாக உள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பளு ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. நடந்தால் மூட்டு தேயும் என்ற அச்சம் தேவையற்றது; அளவான நடையால் மூட்டுக்கு நன்மையே உண்டு. தோட்டத்திலும் சில மாற்றங்கள் சாத்தியம்: ஒரே முழங்காலை ஊன்றாமல் மாற்றி மாற்றி ஊன்றுவது, மடித்த சாக்கை முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்வது, சில தூர்களுக்கு ஒருமுறை எழுந்து நின்று காலை நீட்டுவது. 'காய் எடுப்பது தாமதமாகிறது' என்று கங்காணிகள் இதைத் தடுக்காமல் இருக்க வேண்டும். கை பழகிய பறிப்பாளர் வேலையைவிட்டு நின்றுபோனால் தோட்டத்துக்கும்தான் நட்டம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டவர்களும் பயிற்சியை விட வேண்டியதில்லை. தேய்மானத்தின் தொடக்கம் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை.

இனி அரசிடம் கேட்க வேண்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருப்பதை, அத்துறையில் இருந்தவள் என்ற முறையில் நான் மனமார வரவேற்கிறேன். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து மாத்திரை தரும் அதே பெண் ஊழியர்கள், கீழே உட்கார்ந்து எழ முடிகிறதா, காலைநேர இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது, விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றனவா, கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா, கடையில் செட் மாத்திரை வாங்குகிறீர்களா என்ற கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். புதிய கருவியோ பெரிய நிதியோ தேவையில்லை. ஆனால் அவர்கள் வீடு தேடி வரும் பகல் நேரத்தில் நம் தோட்டத் தொழிலாளர்கள் மலையில் இருக்கிறார்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காலையில் மருத்துவர் பார்க்கும் நேரத்திலும் அவர்கள் மலையில்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலியை இழந்தால்தான் மருத்துவரைப் பார்க்க முடியும் என்ற நிலையில் எந்தத் தாயும் தன் முழங்காலுக்காக அந்தக் கூலியை விட மாட்டாள். மலையில் வலி கூடி அங்கேயே கேரள மருத்துவமனையில் காட்டினால், அந்தச் சீட்டு இங்கே எவர் கைக்கும் வந்து சேர்வதில்லை, மறுபரிசோதனை விட்டுப்போகிறது.

ஆகவே, எல்லையோர ஊர்களின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஜீப்புகள் திரும்பும் மாலை வேளையில் வாரத்துக்கு ஒரு நாளேனும் மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் இருக்கும்படி ஏற்பாடு செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கையின் சிறு மூட்டுகளில் வீக்கம் காணப்படுகிறவர்களை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடாமல் அதே வாரத்தில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும் முறை வேண்டும். தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் சுகாதாரத் துறையினரும் கலந்து பேசி, தொழிலாளி கையிலேயே வைத்துக்கொள்ளத்தக்க, இரு மாநிலத்திலும் செல்லக்கூடிய ஒரு சிகிச்சைக் குறிப்பேட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுத் தரலாம். ஆண்டுதோறும் அக்டோபர் 12 அன்று உலக மூட்டழற்சி நாளையொட்டி முகாம்கள் நடக்கின்றன. அந்நேரத்தில் காய் பறிப்பு மும்முரமாக இருப்பதால் எங்கள் பெண்களால் வர இயலாது. பறிப்பு தொடங்குவதற்கு முன்பாக, ஜூன் மாதத்தில், கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களில் ஜீப் நிற்கும் இடங்களிலேயே மாலை ஐந்து மணிக்கு மேல் முகாம் நடத்தினால் வருவார்கள். அப்படி முகாம் நடந்தால் சம்பளமின்றி வந்து பணியாற்ற நானும், என்னைப் போல ஓய்வுபெற்ற சிலரும் அணியமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்,
கூடலூர், தேனி மாவட்டம்.